சாவா மூவாப் பேராடு

சாகாத ஆடு உண்டா? கிழடு தட்டாத ஆடுதான் உண்டா?

"இது என்ன கேள்வி? பிறந்தது எல்லாம் ஒருநாள் சாகத்தானே வேண்டும்!" என்று சிரிப்பீர்கள்.

ஆனால், நம் நாட்டுக் கோயில் சுவர்களில் ராஜாக்கள் காலத்தில் வெட்டிய எழுத்துகளைப் படித்தால், "சாவா மூவாப் பேராடு" என்று ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும். சாவா என்றால் சாகாத. மூவா என்றால் மூப்பு அடையாத. பேராடு என்றால் நன்றாக வளர்ந்த ஆடு. இத்தனை சாவா மூவாப் பேராட்டை இன்ன இடையன் வசம் ஒப்படைத்தோம், அவன் சந்திரனும் சூரியனும் உள்ளவரை கோயில் விளக்குக்கு நெய் அளக்கக் கடவன் என்று எழுதி வைத்திருப்பார்கள்.

இதில் மந்திரம் இல்லை. மாயமும் இல்லை. கணக்குத்தான் இருக்கிறது. அந்தக் கணக்கைக் கட்டிக் காத்தவர்கள் ஓலை படித்த பண்டிதர்கள் அல்ல. கையில் கோலும் தோளில் கம்பளியுமாக வெயிலிலும் மழையிலும் அலைந்த ஆட்டு இடையர்கள்.

மலையும் விளக்கும்

விளக்கு என்றதும் திருவண்ணாமலை நினைவுக்கு வரும். கார்த்திகை தீபத்தன்று 2,668 அடி உயர மலையின் உச்சியில், ஆயிரக்கணக்கான லிட்டர் நெய் ஊற்றிய கொப்பரையில் ஜோதி எரியும். சுற்று வட்டாரத்தில் பல மைல் தூரத்துக்கு அது தெரியும்.

இந்த மலையைச் சுற்றிவரும் 14 கிலோ மீட்டர் கிரிவலப் பாதையில், மலைக்கு மேற்குப் புறத்தில் இருக்கிறது அடி அண்ணாமலை. அணி அண்ணாமலை என்றும் சொல்வது உண்டு. இங்கே உள்ள ஆதி அருணாசலேசுவரர் கோயிலின் லிங்கத்தைப் பிரம்மாவே வைத்து வணங்கினார் என்பது ஐதீகம். மாணிக்கவாசகர் தங்கித் திருவெம்பாவை பாடிய இடம் என்று அவருக்கும் இங்கே ஒரு கோயில் உண்டு.

பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கான ஜனங்கள் இந்த ஊர் வழியாக நடக்கிறார்கள். விடிந்ததும் கூட்டம் கலைந்துவிடும். கிரிவலப் பாதைக்கு வெளியே மேற்கிலும் வடக்கிலும் விரிந்து கிடக்கும் கொல்லைகள், ஏரிக்கரைகள், கரடுகள் எல்லாம் பிறகு ஆடு மாடுகளின் ராஜ்யம்.

உச்சியில் எரியும் தீபம் வருஷத்துக்கு ஒரு முறை. கோயிலின் உள்ளே இரவும் பகலும் அணையாமல் எரிய வேண்டிய விளக்கு வேறு. அதற்கு நந்தா விளக்கு என்று பெயர். நந்தா என்றால் அணையாத. திருவண்ணாமலைப் பெரிய கோயிலில் சோழர் காலம் தொட்டு வெட்டிய கல்வெட்டுகள் இருக்கின்றன. பி.ஆர்.சீனிவாசன் படித்துத் தொகுத்த இவற்றைப் புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் 1990-ல் புத்தகமாக வெளியிட்டது. இங்கேயும் நந்தா விளக்குக்குக் கொடை கொடுத்த செய்திகள் உண்டு.

ஒரு விளக்குக்கு 96 ஆடு

விளக்கு வைக்க விரும்பியவர் காசைக் கொடுத்துவிட்டுப் போகலாமே, ஆடு எதற்கு?

காசு செலவாகிவிடும். நெய்யைக் குடம் குடமாகக் கொடுத்தாலும் ஒருநாள் தீர்ந்துவிடும். ஆடு அப்படி அல்ல. அது குட்டி போடும். இன்றைக்குப் பாங்கியில் முதலைப் போட்டு வட்டியில் தர்மம் நடத்துகிறார்கள் அல்லவா? அன்றைக்கு ஆட்டு மந்தைதான் பாங்கி. குட்டியும் பாலும் வட்டி.

சோழ நாட்டில் ஒரு நந்தா விளக்குக்கு 96 பெட்டை ஆடு என்று வைத்திருந்தார்கள். ஆடு இல்லை என்றால் 48 பசு. அல்லது 16 எருமை. இதற்கு ஈடாக இடையன் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். நாலு உழக்கு சேர்ந்தது ஒரு நாழி. நெய் எப்படியாவது வந்து சேர வேண்டும். மழையா, வெயிலா, வீட்டில் சாவா, கல்யாணமா என்ற பேச்சே கிடையாது.

96 ஆடு எப்படிச் சாகாமல் இருக்கும்? ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

செம்மறி ஐந்து மாதம் சினை சுமக்கும். 96 பெட்டையில் ஒரு வருஷத்தில் 64 குட்டி போட்டதாக வைத்துக் கொள்வோம். அதில் பாதி, அதாவது 32, பெட்டைக் குட்டி. நோயில், மழையில், நரி வாயில் எட்டு போய்விட்டால் மிச்சம் 24. ஒரு பெட்டை மந்தையில் ஆறு வருஷம் நிற்கும் என்றால், வருஷத்துக்கு 16 கிழம் கழிந்து போகும். அந்த இடத்தில் 16 இளசு வந்து நிற்கும். ஆக, எப்போது எண்ணினாலும் 96! தனி ஆடு சாகும், மந்தை சாகாது. மிச்சம் எட்டுப் பெட்டையும் கிடாக்குட்டிகளும் இடையன் குடும்பத்துக்கு.

கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இது நல்ல வருஷத்துக் கணக்கு. மழை பொய்த்த வருஷம் என்ன ஆகும்? புல் கருகும். பெட்டைகள் சினை பிடிக்காது. போட்ட குட்டிக்குத் தாயிடம் பால் இராது. 20 ஆடு, 30 ஆடு என்று சாயும். கல்வெட்டில் 96 என்று எழுதியது எழுதியதுதான். குறைந்த ஆட்டைச் சொந்தப் பொறுப்பில் ஈடு கட்ட வேண்டியவன் இடையன். "சாவா மூவா" என்ற சொல்லில் ஆட்டின் பெருமையைக் காட்டிலும் இடையனின் கழுத்தில் கிடந்த பாரம்தான் அதிகம் தெரிகிறது.

பிணை நின்ற உறவுகள்

தஞ்சைப் பெரிய கோயிலை 1010-ல் கட்டி முடித்த ராஜராஜ சோழன் இந்த ஏற்பாட்டைப் பெரிய அளவில் செய்தான். எந்த இடையனிடம் எத்தனை ஆடு கொடுத்தது, அவன் எந்த ஊர்க்காரன், அவனுக்குப் பிணை நின்றவர்கள் யார் யார் என்று எல்லாம் கல்லில் வெட்டி வைத்தான். ஒருவன் தவறினால் பிணை நின்றவர்கள் பொறுப்பு. ஆட்டை வாங்கியது ஓர் ஆள்தான் என்றாலும், உறவு முழுக்க அந்த விளக்கோடு கட்டுண்டு கிடந்தது.

ராஜாவின் பெயர் கல்லில் இருப்பதில் ஆச்சரியம் இல்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஆடு மேய்த்தவர்களின் பெயர்கள் இப்படி வரிசையாகக் கல்லில் நிலைத்து நிற்பது அல்லவா விசேஷம்!

அதற்கும் முன்னே, சங்க காலத்தில் இவர்கள் முல்லை நிலத்து மக்கள். பசு மேய்த்தவர்களைக் கோவினத்தாயர் என்றும், எருமை மேய்த்தவர்களைக் கோட்டினத்தாயர் என்றும், ஆடு மேய்த்தவர்களைப் புல்லினத்தாயர் என்றும் பிரித்துச் சொன்னார்கள். மழை இரவில் கோலை ஊன்றி ஒற்றைக் காலில் நின்றபடி, வாயை மடித்து வீளை அடித்து நரியை விரட்டும் இடையனைப் பழைய பாட்டுகளில் பார்க்கலாம். இன்றைக்கும் கோலை ஊன்றி, ஒரு காலை மடித்து மறு காலில் பாரத்தைப் போட்டு நிற்பதை ஆடு மேய்க்கிறவர்களிடம் காணலாம். இப்போது கூடுதலாகக் காதோடு ஒரு செல்போன் இருக்கும். அவ்வளவுதான்.

கல்லில் நிற்கும் நாய்

மந்தை என்றால் காவல் வேண்டும். காவலுக்கு நாய் வேண்டும்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் நடுகற்கள் நிறைய உண்டு. மந்தையைக் கவர வந்தவர்களோடு சண்டை போட்டு மடிந்தவர்களுக்கு வைத்த கற்கள் அவற்றில் அதிகம். தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-ல் இவற்றைப் பற்றி ஒரு புத்தகமே வெளியிட்டது.

அவற்றுள் எடுத்தனூர்க் கல் மறக்க முடியாதது. பல்லவ ராஜா மகேந்திரவர்மன் காலத்தில் வைத்தது. கருந்தேவகத்தி என்பவன் தன் எருமைகளைக் காக்கும் சண்டையில் உயிர் விட்டான். அவனோடு இருந்த நாயின் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றதாம் அந்த நாய். அதையும் கல்லில் செதுக்கி, பெயரையும் எழுதி வைத்தார்கள். காத்தது எருமை மந்தைதான், ஆட்டு மந்தை அல்ல. ஆனாலும் நாயின் விசுவாசத்துக்கு ஊரே கல் நட்டது என்றால், மந்தையை அந்தக் காலத்து ஜனங்கள் எப்படி மதித்தார்கள் என்பது விளங்கும்.

இன்றைக்குக் கதை தலைகீழ். திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றன. விவசாயிகள் போராட்டமே நடத்தினார்கள். 2025-ல் அரசாங்கம் நஷ்டஈடு அறிவிக்க வேண்டி வந்தது.

"எங்க கொல்லைக்கு எப்போ பட்டி?"

கோயில் விளக்குக்கு இன்று ஆட்டு மந்தையை யாரும் எதிர்பார்ப்பது இல்லை. ஆனால் ஆட்டுக்கு இன்னொரு வேலை உண்டு. நிலத்துக்கு உரம் போடும் வேலை.

திருவண்ணாமலை வட்டாரம் வேர்க்கடலைச் சீமை. இந்தப் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை. மல்லாட்டை பிடுங்கியதும், நெல் அறுத்ததும் நிலம் சும்மா கிடக்கும். உதிர்ந்த கொடியும் தாளும் புல்லும் ஆட்டுக்குத் தீனி. பகலெல்லாம் மேய்ந்த ஆட்டை இரவில் யாராவது ஒருவர் கொல்லையில் மடக்கி அடைப்பார்கள். அதுதான் பட்டி. தெற்கே கிடை என்பார்கள். சுற்றிலும் மூங்கில் படல் நிறுத்துவது பழைய வழக்கம். இப்போது நைலான் வலை வந்துவிட்டது. சுருட்டித் தோளில் போட்டுக் கொண்டு நடக்கலாம், சுமை குறைவு.

ஒரே இடத்தில் பட்டி நிற்பது இல்லை. இன்றைக்கு இங்கே, நாளைக்குப் பத்து அடி தள்ளி. இப்படிக் கொல்லை முழுவதும் நகர்ந்து வந்தால், வண்டி கட்டாமல், கூலி ஆள் வைக்காமல் நிலம் முழுவதும் எரு விழுந்துவிடும். புழுக்கை மட்டும் அல்ல, மூத்திரமும் உரம். "ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்" என்பது குடியானவர்கள் அனுபவத்தில் கண்டது. ஆட்டு எரு மண்ணில் சீக்கிரம் மக்கிப் பயிருக்குச் சேரும்.

அதனால் பருவத்தில் இடையருக்கு வரவேற்பு பலமாக இருக்கும். பேச்சு இந்த மாதிரி போகும்:

"என்ன மாமா, எங்க கொல்லைக்கு எப்போ பட்டி போடுவீங்க?"

"மேலக்கொல்லையிலே இன்னும் நாலு ராத்திரி பாக்கி இருக்குதுப்பா. அது முடிஞ்சதும் உன் கொல்லைதான்."

"போன வருஷமும் இப்படித்தான் சொன்னீங்க. கடைசியிலே மழை வந்துட்டுது!"

கூலி பணமாகவும் வரும், தானியமாகவும் வரும். சில இடங்களில் இராச்சோறும் உண்டு. பட்டியில் படுத்தவனுக்கு முழுத் தூக்கம் கிடையாது. கட்டில் போட்டிருந்தாலும் காது விழித்திருக்கும். ஆடு மிரண்டு ஒரு பக்கமாக ஒதுங்கினால் ஏதோ வருகிறது என்று பொருள். ஈன்ற தாயையும் குட்டியையும் சேர்த்துவிடுவது, தாய் ஒதுக்கிய குட்டிக்கு வேறு மடியில் பால் காட்டுவது எல்லாம் அந்த அரை இருட்டில்தான் நடக்கும். இதில் பெண்கள் பங்கு பெரிது. மேய்ச்சலுக்குப் போக முடியாத குட்டிகளுக்குத் தழை ஒடித்துப் போட்டு வளர்ப்பது வீட்டுப் பெண்கள்தான்.

வட மாவட்டங்களில் காணும் செம்மறிக்குக் கால்நடைத் துறையினர் வைத்த பெயர் மெட்ராஸ் சிவப்பு. உடம்பில் கம்பளி இராது, செம்பழுப்பு ரோமம்தான். கிடாவுக்கு முறுக்கிய கொம்பு உண்டு. பெட்டை மொட்டைத் தலை. செம்மறி என்ற சொல்லே செம்மை நிற மறி என்பதுதான்.

கம்பளி தரும் ஆடு வேறு. அதைக் குரும்பாடு என்பார்கள். அதை வளர்த்து, ரோமம் கத்தரித்து, நூல் நூற்றுக் கம்பளி நெய்தவர்கள் குரும்பர்கள். வீரபத்திர சுவாமி அவர்களுடைய குலதெய்வம். திருவண்ணாமலை, வேலூர், கிருஷ்ணகிரிப் பக்கங்களில் அவர்கள் உண்டு. கறுப்புக் கம்பளி ஒன்று இருந்தால் மழைக்குக் கொங்காணி, குளிருக்குப் போர்வை, இரவில் பாய். ஆலைக் கம்பளம் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் அந்த நெசவு மெலிந்துவிட்டது.

புல் எங்கே? வழி எங்கே?

2012-ல் எடுத்த கால்நடைக் கணக்கில் தமிழ்நாட்டில் ஏறக்குறைய 48 லட்சம் செம்மறி இருந்தது. 2019 கணக்கில் 45 லட்சம். இதே காலத்தில் இந்தியா முழுவதும் செம்மறி கூடி 7 கோடியே 42 லட்சத்தைத் தாண்டிவிட்டது. நாடெங்கும் ஏறும்போது இங்கே ஏன் இறங்க வேண்டும்?

ஆட்டுக்கறிக்குக் கிராக்கி இல்லாமலா? ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடைப் பக்கம் போய்ப் பார்த்தால் தெரியும்! ஆடு வாங்கப் பணம் இல்லாமலா? 2011-ல் அரசாங்கம் ஏழைக் குடும்பங்களுக்குத் தலைக்கு நாலு ஆடு இலவசமாகவே கொடுக்கத் தொடங்கியது. குறை வேறு இடத்தில் இருக்கிறது. நாலு ஆட்டை வீட்டு ஓரத்தில் கட்டி வளர்க்கலாம். நூறு ஆட்டுக்குப் புல்வெளி வேண்டும், குடிக்கத் தண்ணீர் வேண்டும், ஓர் இடத்தில் இருந்து இன்னோர் இடம் போக வழி வேண்டும்.

அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் மேய்க்கால் புறம்போக்கு என்று நிலம் ஒதுக்கி இருந்தது. பல ஊர்களில் அது இன்று கட்டடமாகவும் ஆக்கிரமிப்பாகவும் மாறிவிட்டது. கிரிவலப் பாதையின் ஓரங்களில் ஆசிரமங்களும் விடுதிகளும் மனைப் பிரிவுகளும் பெருகின. வேலி போட்ட மனைக்குள் ஆட்டுக்கு என்ன வேலை? போதாக்குறைக்கு வாகனங்கள். மந்தை ரோட்டைக் கடப்பதற்குள் ஹாரன் சத்தம் காதைத் துளைக்கும். ஒரு செம்மறி மிரண்டு ஓடினால் மற்றவையும் அதன் பின்னாலேயே ஓடும். அதுதான் செம்மறியின் குணம்.

மலை இருக்கிறதே என்று கேட்கலாம். அண்ணாமலை வனத்துறையின் காப்புக்காடு. ஒரு காலத்தில் மரம் வெட்டியும் தீப்பிடித்தும் மொட்டையாகிக் கிடந்த மலை அது. 1980-களின் பிற்பகுதியில் இருந்து தொண்டர்கள் பலர் சேர்ந்து கன்று நட்டுப் பச்சை பிடிக்க வைத்திருக்கிறார்கள். இளங்கன்றின் நுனியை ஆடு கடித்தால் அது தழைக்காது. மரம் வளர்ப்பவருக்கும் ஆடு வளர்ப்பவருக்கும் இதனால் மனத்தாங்கல் வருவது இயற்கை. மலை பசுமையாக வேண்டும் என்பதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால், "மலைக்கு வராதே" என்று சொல்லும்போது, "வேறு எங்கே போவது?" என்ற கேள்விக்கும் பதில் சொல்லத்தானே வேண்டும்?

இந்த வழக்கு நாடு முழுவதற்கும் உரியது. 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகள் எல்லாவற்றிலும் கால்நடை மேய்க்கத் தடை போட்டது. மேய்ப்பவர்கள் கலங்கிப் போனார்கள். அதே மாதத்தில் நீதிமன்றம் தன் உத்தரவைத் திருத்தி, தேசியப் பூங்கா, வன விலங்குச் சரணாலயம், புலிக் காப்பகம் ஆகிய இடங்களுக்கு மட்டும் தடை என்று சுருக்கியது.

ஸ்பெயின் நாட்டுத் தலைநகரான மாட்ரிட்டில் நடப்பதைக் கேளுங்கள். ஆடுகள் நடந்து போகும் பழைய பாதை அந்த மாநகரத்தின் ஊடே போகிறது. அந்த உரிமையை நினைவூட்ட 1994 முதல் இடையர்கள் மந்தையை நகரத்து வீதிகளில் ஓட்டி வருகிறார்கள். மோட்டார்கள் ஒதுங்கி நிற்கும். ஜனங்கள் இருபுறமும் கூடி வேடிக்கை பார்ப்பார்கள். 1418-ல் செய்த உடன்படிக்கைப்படி ஆயிரம் ஆட்டுக்கு 50 காசு என்று அந்தக் காலத்து நாணயத்தில் நகரத் தலைவரிடம் வரி கட்டுகிறார்கள்! ஐக்கிய நாடுகள் சபையும் 2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பவர்களுக்கும் உரிய சர்வதேச ஆண்டாக அறிவித்தது.

அரசூர் கொடுத்த மருந்து

புல்லும் வழியும் கிடைத்தாலும் இன்னொரு எமன் உண்டு. நோய்.

1987-ல் திருவண்ணாமலைக்குப் பக்கத்து வட்டாரமான விழுப்புரம் பகுதியில், அரசூர் என்ற கிராமத்தில் ஆடுகள் காய்ச்சல் கண்டு, மூக்கு ஒழுகி, வாய் புண்ணாகி, கழிச்சல் எடுத்துச் செத்தன. அதுவரை இந்தியாவில் இந்த மாதிரி வந்தால் மாட்டுக்கு வரும் வெக்கை நோய் என்றே எண்ணினார்கள். பரிசோதித்தபோது அது வேறு கிருமி என்று தெரிந்தது. ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் இருப்பது முதன் முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது அந்தக் கிராமத்தில்தான்.

கெட்டதிலும் ஒரு நல்லது நடந்தது. அரசூர் ஆட்டில் எடுத்த அதே கிருமியைப் பக்குவப்படுத்தித் தடுப்பு மருந்து தயாரித்தார்கள். மருந்துக்கு "அரசூர் 87" என்று ஊரின் பெயரே நிலைத்தது. ஊசியை ஒரு முறை போட்டால் சில வருஷங்களுக்குக் காவல். இந்த நோயை 2030-க்குள் உலகத்தை விட்டே ஒழிப்பது என்று சர்வதேச அளவில் திட்டம் போட்டிருக்கிறார்கள்.

வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வருவது நீலநாக்கு நோய். ஈரத்தில் பெருகும் சிறு பூச்சி கடித்துப் பரவும். நாக்கு வீங்கி, நடை தள்ளாடி, ஆடு மேயாமல் நிற்கும். இதற்கும் ஊசி உண்டு. ஆனால் மழைக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். ஊர் ஊராக நகரும் மந்தைக்கு இதுதான் தொல்லை. கால்நடை மருத்துவர் முகாம் போடும் நாளில் மந்தை வேறு ஊர்க் கொல்லையில் நிற்கும். மந்தை திரும்பும்போது முகாம் முடிந்திருக்கும். கூட்டத்தில் பத்து ஆடு செத்தால் நஷ்டம் இன்றைக்கும் மேய்க்கிறவர் தலையில்தான் விழுகிறது. பிணை நிற்க அன்றைக்கு உறவு இருந்தது. இன்றைக்கு ஆட்டுக்கு இன்ஷூரன்ஸ் உண்டு. காதில் வில்லை குத்திப் பதிவு செய்த ஆட்டுக்கு மட்டும்.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். காலேஜும் போகிறார்கள். போகத்தான் வேண்டும். படித்த பிள்ளை திரும்பிவந்து கோலைப் பிடிப்பானா என்று பெரியவர்கள் கேட்டுக் கொள்கிறார்கள். மந்தையை விற்று மகளின் கல்யாணத்தை முடித்தவர்கள் உண்டு. விற்ற பிறகு, பத்து ஆடாவது வேண்டும் என்று மறுபடி சந்தையில் போய்ப் பெட்டைக் குட்டி பிடித்தவர்களும் உண்டு.

கார்த்திகை தீபம் முடிந்து மழை விட்டதும் அறுவடை தொடங்கும். தை மாதத்தில் கொல்லைகள் வெறுமையாகும். அப்போது கிரிவலப் பாதைக்கு அப்பால், அண்ணாமலையின் மேற்குச் சரிவு தெரியும் கொல்லைகளில் மாலை நேரத்தில் வலை விரியும். ஆடுகளை ஒவ்வொன்றாக உள்ளே விட்டு எண்ணுவார்கள். எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் அடுப்பு மூட்டுவார்கள்.